ஸ்லோ குக்கர்ல புல்டு போர்க்: சாஸ் பாட்டிலை கடைசிவரைக்கும் திறக்காதீங்க

புல்டு போர்க்னா பன்னித் தோள்பட்டையை மெதுவா வேக வச்சு, நாரு நாரா பிரிச்சு பன்னுக்குள்ள வச்சுச் சாப்பிடறது. அதுக்கு ரெசிபின்னு தேடினா வர்றதுல முக்கால்வாசி ஒரே மாதிரிதான் இருக்கும். கறியைத் தூக்கி ஸ்லோ குக்கர்ல (கரண்ட்ல மணிக்கணக்கா மெதுவா வேக வைக்கற பானை) போடு, ஒரு பாட்டில் பார்பிக்யூ சாஸை முழுசா கவுத்து, கூட ஒரு கேன் கோக், இல்லேன்னா ரூட் பியர்ங்கற சோடா ஊத்து, மூடி வை, எட்டு மணி நேரம் கழிச்சு வா. சுலபம்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா அப்படிப் பண்ணா கடைசில கைக்கு வர்றது ஒரு கொழகொழன்னு இனிப்பா இருக்கற சமாச்சாரம், கறி ருசியும் தெரியாது, வினிகர் புளிப்பும் தெரியாது, சர்க்கரை மட்டும் நாக்குல நிக்கும். பிள்ளைங்க ஒரு பன் சாப்பிடும், ரெண்டாவது பன்னுக்கு எந்திரிச்சுப் போயிரும்.

நான் சொல்றது ரொம்ப சிம்பிள். தண்ணி ஊத்தாதீங்க, சாஸும் ஊத்தாதீங்க. ராத்திரி பூரா வேலை செய்யப் போறது மெஷின்தான், நம்ம கைவேலை எல்லாம் கடைசில ஒரு அரைமணி நேரம், ருசி அங்கதான் வருது. அந்த அரைமணி நேரத்தைப் பத்தி எழுதத்தான் இந்தப் போஸ்ட்டே.

நாங்க இருக்கறது நார்த் கரோலினாவுல, கேரி பக்கம். பன்னிக்கறியை இவ்வளவு பக்தியா சாப்பிடற ஊர் அமெரிக்காவுலயே கம்மிதான், மாநிலத்தோட கிழக்குப் பக்கம் டூப்ளின், சாம்சன் கவுண்டிகள்ல மனுஷங்களை விட பன்னிதான் ஜாஸ்தி. எனக்கு சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம், அதனால வீட்டுல பன்னி எறச்சி ஒண்ணும் புதுசில்ல, கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் தேங்காக்கொத்து போட்டு கருப்பா வறுத்து மரச்சீனி (மரவள்ளி) கிழங்கோட சாப்பிட்டு வளந்தவங்கதான் நாங்க. போன வாரம் அம்மாவும் இங்க இருந்தாங்க, சார்லட்லேர்ந்து அக்கா அத்தான் பிள்ளைங்கன்னு எல்லாரும் சனிக்கிழமையே வந்து இறங்கிட்டாங்க, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்ததும் ஒரு பெரிய சாப்பாடு. பத்துப் பேருக்கு காலைல எந்திரிச்சு நின்னு சமைக்கறதுக்கு எனக்கும் தெம்பு இல்ல, என் வீட்டம்மாவுக்கும் இல்ல. அதான் இது.

முதல்ல கறி. கடைல பாஸ்டன் பட்னு கேளுங்க. பட்னு பேர்ல இருக்கேன்னு பின்பக்கம்னு நினைச்சிராதீங்க, அது முன்னங்காலுக்கு மேல இருக்கற தோள்பட்டை. அதுக்குக் கீழ கால் பக்கமா வர்றது பிக்னிக், அதுவும் ஆகும், ஆனா தோலும் எலும்பும் ஜாஸ்தி. தோள்பட்டைதான் ஏன்னா பன்னி நாள் பூரா அந்த இடத்துலதான் எடையைத் தாங்குது, தசை நல்லா உழைச்ச தசை, நடுவுல நடுவுல கொழுப்பும் வெள்ளை சவ்வும் ஓடியிருக்கும். அந்த சவ்வுலதான் கொலாஜன் இருக்கு. அது மெதுவா சூடாக சூடாக கரைஞ்சு ஜெலட்டினா மாறும், அதுதான் கறியை ஈரமா வச்சிருக்கறது. இது தெரியாம, கொழுப்பு கம்மியா இருக்கே, உடம்புக்கு நல்லதுன்னு லாயின், அதாவது முதுகுப் பக்கக் கறி, வாங்கிட்டு வந்து எட்டு மணி நேரம் வச்சீங்கன்னா தேங்கா நாரு மாதிரி ஆயிரும், எந்த சாஸ் ஊத்தினாலும் அதைக் காப்பாத்த முடியாது. விலையும் பட்தான் கம்மி, சேல் போடறப்ப பவுண்டு ரெண்டு டாலர் பக்கத்துல கிடைக்கும், லாயினுக்கு அதிகமா குடுத்து கெடுத்துக்கறதுல என்ன இருக்கு.

அளவு: 6 குவார்ட் (ஆறு லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி) குக்கருக்கு அஞ்சு பவுண்டு, அதாவது ரெண்டேகால் கிலோ சரியா இருக்கும். எலும்பு, உருகுற கொழுப்பு, வெளிய வர்ற தண்ணி எல்லாம் போக வெந்த கறி பாதிக்குக் கொஞ்சம் மேலதான் மிஞ்சும். பத்துப் பேருக்கு, அதுல நாலு பிள்ளைங்க, தாராளமா போதும், மறுநாளைக்கும் இருக்கும். எலும்போட வாங்குங்க. எலும்பு இருந்தா வெந்துச்சா இல்லையான்னு பாக்க வேற ஒண்ணுமே வேணாம், அதைக் கீழ சொல்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம் நான் கறியை எடுத்து பேப்பர் டவல்ல ஒத்திட்டு இருக்கேன், அம்மா பின்னால வந்து நின்னாச்சு.

"கழுவாமலா போடப் போற மக்ளே?"

"இங்க கழுவ மாட்டாங்கம்மா. கழுவினா அந்தத் தண்ணி தெறிச்சு சிங்க் பூரா கிருமிதான் பரவும், வேகுற சூட்டுல எல்லாம் செத்துரும்."

"மஞ்சப்பொடியாவது போட்டியா?"

போடலேன்னு சொல்லல. பேச்சை மாத்திட்டேன். ஆனா விஷயம் அதுதான், பேக்கட்ல வர்ற கறியைக் கழுவ வேணாம்னுதான் அமெரிக்க விவசாயத்துறையும் சொல்லுது. நம்ம ஊர்ல கறிக்கடைல மரக்கட்டைல வெட்டி எலும்புத்தூளோட வாங்கிட்டு வர்றதை கழுவறது வேற கதை.

மசாலா தடவறதுக்கு, அஞ்சு பவுண்டுக்கு நான் போடறது இது. கோஷர் உப்பு (பெரிய பரலா இருக்கற உப்பு) ஒன்றரை டேபிள்ஸ்பூன், சாதா தூள் உப்புன்னா ஒண்ணு போதும். பாப்ரிகா ரெண்டு டேபிள்ஸ்பூன், இல்லேன்னா காஷ்மீரி மிளகாப்பொடி ஒண்ணு. பிரவுன் ஷுகர் ரெண்டு, பூண்டுப்பொடி ஒண்ணு, மிளகுப்பொடி ஒண்ணு, சீரகப்பொடி ஒரு டீஸ்பூன். மிளகாப்பொடி உங்க வீட்டுப் பிள்ளைங்களைப் பொறுத்து. எல்லாத்தையும் கலந்து கறி முழுக்க, மடிப்பு இடுக்கு எல்லாம் விடாம அழுத்தித் தேச்சு, மூடி ஃப்ரிட்ஜ்ல அஞ்சாறு மணி நேரம் வச்சா உப்பு உள்ள இறங்கும். நேரம் இல்லேன்னா தடவின உடனே போட்டாலும் குத்தமில்ல. மேல கொழுப்பு ரொம்ப தடிமனா இருந்தா மட்டும் கால் இஞ்ச் விட்டுட்டு மிச்சத்தை சீவி எடுத்துருங்க. ஸ்மோக்கர்ல (மரப்புகையில வேக வைக்கற அடுப்பு) வச்சா அது கறியைக் காக்கும்னு சொல்றாங்க, ஸ்லோ குக்கர்ல அது சும்மா உருகி எண்ணெயா மிதக்கறதுக்குத்தான்.

கறியைப் போடறதுக்கு முன்னாடி வறுக்கணுமா? இரும்பு வாணலில நாலு பக்கமும் சிவக்க விட்டுப் போட்டா ருசி கூடும், உண்மைதான். ஆனா பாத்திரம் கழுவறவங்க யாருன்னு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. நான் வறுக்க மாட்டேன், ஏன்னா அந்த சிவப்பைக் கடைசில வேற வழியா கொண்டு வந்துரலாம்.

அடியில ரெண்டு வெங்காயத்தை தடிமனா வெட்டிப் பரப்பி, அதுக்கு மேல கறியை கொழுப்பு மேல பாக்க வச்சு, சுத்தி ஒரு கால் கப் ஆப்பிள் சைடர் வினிகர். அவ்வளவுதான் ஈரம். "இவ்வளவு கொஞ்சமா ஊத்தினா அடி பிடிச்சிராதா"ன்னு அக்கா கேட்டா. பிடிக்காது. மூடி போட்ட குக்கர்லேர்ந்து ஆவி வெளிய போகவே போகாது, மூடியில பட்டு திரும்ப உள்ளேயே விழும், கறியே ரெண்டு கப்புக்கு மேல தண்ணி விடும். காலைல திறந்து பாத்தா கறி பாதிக்கு மேல முங்கி நிக்கும். இதுக்கு மேல நீங்க ஒரு கேன் கோக் வேற ஊத்தினீங்கன்னா அது அவிச்ச கறி, வேற ஒண்ணும் இல்ல.

ஃப்ரீசர்லேர்ந்து எடுத்த கறியை கல்லு மாதிரி இருக்கறப்பவே குக்கர்ல போட்டுறாதீங்க. இதை மட்டும் அழுத்திச் சொல்றேன். 40லேர்ந்து 140 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு நடுவுலதான் கிருமி வேகமா பெருகும், ஸ்லோ குக்கர் பேருக்கேத்த மாதிரி மெதுவாத்தான் சூடாகும், உறைஞ்ச கட்டி அந்த நடு இடத்துலயே மணிக்கணக்கா கிடக்கும். முதல் நாளே, முடிஞ்சா ரெண்டு நாள் முன்னாடியே ஃப்ரிட்ஜுக்கு இறக்கிருங்க.

இந்த மெஷினோட கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதைச் சொல்லிட்டுப் போறேன். சிகாகோவுல இர்விங் நாக்சன்னு ஒருத்தர், யூதர், கண்டுபிடிப்பாளர். அவங்க அம்மா லித்துவேனியாவுலேர்ந்து வந்தவங்க. அங்க வில்னாவுல வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓய்வுநாள் ஆரம்பிச்சுட்டா வீட்டுல தீ மூட்டக்கூடாது, அதனால பீன்ஸும் கறியும் போட்ட சோலண்ட் பானையை ஊர் பேக்கரி அடுப்புக்குள்ள கொண்டு வச்சிருவாங்களாம், ராத்திரி பூரா அந்த அணைஞ்ச அடுப்போட மிச்ச சூட்டுலயே வெந்து மறுநாள் சாப்பாட்டுக்கு ரெடியா இருக்குமாம். அம்மா சொன்ன இந்தக் கதையை வச்சுத்தான் நாக்சன் கரண்ட்ல ஓடற ஒரு பானை செஞ்சு 1940ல பேட்டன்ட் வாங்கினார். நாக்சன் பீனரின்னு பேரு. 1970ல ரைவல் கம்பெனி அவர் கம்பெனியை வாங்கி, அடுத்த வருஷம் கிராக் பாட்னு பேர் மாத்தி கடைக்குக் கொண்டு வந்தாங்க, அம்மாக்கள் எல்லாம் வேலைக்குப் போக ஆரம்பிச்ச காலம் அது, பிச்சுக்கிட்டுப் போச்சு. யூத ஓய்வுநாள் சாப்பாட்டை மனசுல வச்சு செஞ்ச பானைல இன்னைக்கு அமெரிக்கா பூரா பன்னிக்கறி வேகுது. இதை அத்தான்கிட்ட சொன்னேன், சிரிச்சு சிரிச்சு அவருக்குப் புரையேறிருச்சு.

சரி, லோவா ஹையா. நிறைய பேர் நினைக்கறது லோல வச்சா சூடு கம்மி, ஹைல வச்சா ஜாஸ்தின்னு. பெரும்பாலான குக்கர்ல ரெண்டுமே கடைசில போய் நிக்கற இடம் ஒண்ணுதான், கொதிக்கறதுக்கு சித்த முன்னாடி, 209 டிகிரி ஃபாரன்ஹீட் பக்கம். ஹை சீக்கிரமா போய்ச் சேரும், லோ பைய போய்ச் சேரும். தோள்பட்டைக்கு லோதான் நல்லது, சவ்வு கரைய நேரம் வேணும்ல. அஞ்சு பவுண்டு முழுசா எலும்போட இருந்தா லோல ஒம்போது பத்து மணி நேரம். ஞாயித்துக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு போட்டு விட்டுட்டுப் படுத்தா காலைல ஒம்போதுக்கு ஆயிரும், அப்புறம் வார்ம்ல மாத்திட்டுப் பூசைக்குப் போயிட்டு வந்துரலாம், வார்ம்ல 140க்கு மேலயேதான் நிக்கும், ஒண்ணும் ஆகாது. ஒரே கஷ்டம் என்னன்னா, ராத்திரி ஒரு மூணு மணிக்கு வீடு பூரா வாசனை வந்து எல்லாரும் பசியில முழிச்சுக்குவாங்க. அம்மா எந்திரிச்சு வந்து மூடியைத் திறந்து பாத்துட்டாங்க, எனக்குக் கண்ணாடி மூடி சத்தம் கேட்டுருச்சு. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அந்தச் சூடு திரும்ப வர்றதுக்கு இருபது நிமிஷத்துக்கு மேல ஆகும். ஆனா மூணு மணிக்கு அம்மாகிட்ட அதையெல்லாம் சொல்லிட்டு இருக்க முடியுமா, "நல்ல மணம் வருது"ன்னு சொல்லிட்டு அவங்க பாட்டுக்குப் போய்ப் படுத்துட்டாங்க.

வெந்துச்சான்னு எப்படிப் பாக்கறது? போர்க் 145 டிகிரி வந்து மூணு நிமிஷம் ஆறினா சாப்பிடப் பாதுகாப்பானதுன்னு 2011ல விவசாயத்துறை அளவைக் குறைச்சாங்க, அதுக்கு முன்னாடி 160. ஆனா அந்தச் சூடு பக்குவமா வர்றது சாப்ஸ் மாதிரி மெல்லிசான துண்டுக்குத்தான். தோள்பட்டையை 145ல எடுத்தா கடிக்கவே முடியாது, ரப்பர். 160 தாண்டினதுக்கு அப்புறம்தான் சவ்வு நல்லா கரைய ஆரம்பிக்கும், 195லேர்ந்து 205க்குள்ள வந்தாத்தான் பிச்சா பிரியும். தெர்மாமீட்டர் இருந்தா 200க்குப் பாருங்க. இல்லேன்னா அந்தத் தோள்பட்டை எலும்பைப் பிடிச்சு லேசா ஆட்டி இழுங்க. ஒட்டு சதை இல்லாம வெள்ளையா சுத்தமா கையோட வந்துட்டா முடிஞ்சுது. வரலேன்னா வேகலை, இன்னும் ஒரு மணி நேரம் வைங்க, அவசரப்பட்டு கத்தியை எடுக்காதீங்க. இந்த எலும்பு இழுக்கற வேலைக்கு எங்க வீட்டுல பிள்ளைங்களுக்குள்ள சண்டை.

ஸ்மோக்கர்ல பண்றவங்க ஸ்டால்னு ஒண்ணு சொல்லுவாங்க, 160 பக்கத்துல வந்து சூடு ஏறாம மணிக்கணக்கா நின்னுரும், கறி மேல இருக்கற ஈரம் ஆவியாகி ஆவியாகி கறியைக் குளிர வச்சிரும், நமக்கு வேர்த்தா குளிருதுல்ல அதேதான். குக்கருக்குள்ள ஆவி போக வழியே இல்லாததால அந்தத் தொல்லை இங்க கிடையாது. அதுக்குப் பதிலா நமக்குக் கிடைக்காதது அந்தப் புகை வாசனையும் கருகின வெளி ஓடும். லிக்விட் ஸ்மோக்னு கடைல விக்குது, நிஜமான மரப்புகையைக் குளிர வச்சுப் பிடிச்ச தண்ணிதான், கெமிக்கல்னு பயப்பட வேணாம், ஆனா அரை டீஸ்பூன் தாண்டினா ஆஸ்பத்திரி வாடை அடிக்கும். நான் ஊத்தறதில்ல. புகை வேணும்னா ஹிக்கரி கட்டை வச்சு பன்னெண்டு மணி நேரம் நின்னு பண்றவங்க இந்த மாநிலத்துல இருக்காங்க, போய் வரிசைல நின்னு வாங்கிச் சாப்பிடலாம். இது அது இல்ல, இது வீட்டுச் சாப்பாடு.

இப்போ அந்தக் கடைசி அரைமணி நேரம்.

கறியை ரெண்டு கரண்டி குடுத்துத் தூக்கி ஒரு பெரிய தட்டுல வைங்க, தூக்கும்போதே பாதி பிஞ்சு விழும். குக்கர்ல மிச்சம் இருக்கற சாறை வடிகட்டி ஒரு உயரமான ஜாடில ஊத்தி வச்சா பத்து நிமிஷத்துல கொழுப்பு மேல மிதந்துரும், அதைக் கரண்டியால எடுத்துருங்க. கீழ இருக்கற சாறை அகலமான வாணலில ஊத்தி பெரிய தீயில பாதியா சுண்ட விடுங்க. அப்போ வர்ற சாறைத் தொட்டுப் பாருங்க, விரல் ரெண்டும் ஒட்டும், அதுதான் அந்தக் கரைஞ்ச ஜெலட்டின், அந்த மசாலா, வெங்காயம், கறி உப்பு எல்லாம். இதைச் சிங்க்ல கொட்டிட்டு பாட்டில் சாஸை ஊத்தறவங்களை என்ன சொல்றதுன்னே தெரியல. சுண்டினா உப்பும் ஏறும், அதனால சுண்டினதுக்கு அப்புறம் ருசி பாத்துட்டுத்தான் உப்பைத் தொடணும்.

கறியை ரெண்டு முள்கரண்டி வச்சுப் பிரிங்க, ரொம்பப் பொடியா வேணாம், விரல் நீளத்துக்கு இருக்கட்டும். சிலர் கேக் அடிக்கற மிக்ஸரை விட்டு அடிச்சிருவாங்க, அரை நிமிஷத்துல ஆயிரும், ஆனா பஞ்சாயிரும், எனக்குப் பிடிக்காது. பிரிக்கும்போது கையில தட்டுற வெள்ளைக் கொழுப்புக் கட்டியை எல்லாம் எடுத்து ஓரமா வச்சிருங்க. பிரிச்ச கறியை ஓவன் ட்ரேல பரப்பி, சுண்டின சாறு ஒரு அரை கப் தெளிச்சு, பிராய்லர்ல (ஓவனுக்குள்ள மேலேர்ந்து அடிக்கற நேரடிச் சூடு) மேல் தட்டுல அஞ்சு நிமிஷம். பக்கத்துலயே நில்லுங்க. நுனி எல்லாம் செவந்து மொறுமொறுன்னு ஆகும், உள்ள ஈரமாவே இருக்கும். முதல்ல வறுக்க வேணாம்னு சொன்னேன்ல, அதுக்கு வட்டியோட சேத்து இங்க கிடைச்சிரும். வெளிய எடுத்து மிச்ச சாறையும் ஊத்திப் பிரட்டிருங்க. நான் இதுவரைக்கும் சொன்னதுல எதை விட்டாலும் இந்த சாறு சுண்டறதையும் பிராய்லரையும் மட்டும் விட்டுறாதீங்க.

சாஸ் இப்போதான். அதுவும் மேஜைல, அவங்கவங்க இஷ்டத்துக்கு. இந்த மாநிலத்துல சாஸைப் பத்திப் பேச ஆரம்பிச்சா ஓயவே ஓயாது. கிழக்குப் பக்கம் முழுப் பன்னியையும் சுட்டு, வினிகர், மிளகாய், உப்பு, அவ்வளவுதான் சாஸ், தக்காளின்னு சொன்னாலே முறைப்பாங்க. சார்லட்லேர்ந்து வர்ற வழில ஐ-85ல லெக்சிங்டன்னு ஒரு ஊர் வரும், அங்க தோள்பட்டை மட்டும்தான், அதே வினிகர்ல கொஞ்சம் கெட்சப் சேத்துக்குவாங்க, அதுக்கு டிப்னு பேரு, அந்த ஊர்ல 1984லேர்ந்து அக்டோபர்ல பார்பிக்யூ திருவிழாவே நடக்குது. தெக்க எல்லையைத் தாண்டி சவுத் கரோலினா போயிட்டா கடுகு சாஸ், மஞ்சளா. அத்தான் லெக்சிங்டன் கட்சி. நான் கிழக்கு. ஆனா வீட்டுக்கு வந்தவரை எதுத்துப் பேச முடியாதுல்ல, ரெண்டும் வச்சேன்.

கிழக்கு சாஸ்: ஆப்பிள் சைடர் வினிகர் ஒரு கப், சில்லி ஃப்ளேக்ஸ் ஒரு டேபிள்ஸ்பூன், பிரவுன் ஷுகர் ஒரு டேபிள்ஸ்பூன், உப்பும் மிளகும் ஒவ்வொரு டீஸ்பூன், பாட்டில்ல போட்டுக் குலுக்கி முதல் நாளே வச்சிருங்க. லெக்சிங்டன்னா அதுல கால் கப்புக்கு சித்த மேல கெட்சப்பும் கொஞ்சம் தண்ணியும் ஊத்தி ஒரு கொதி. அம்மா கிழக்கு சாஸை ஒரு ஸ்பூன் அப்படியே குடிச்சுப் பாத்துட்டு கண்ணை மூடிக்கிட்டாங்க, ஒரு நிமிஷம் பேச்சே இல்ல, அப்புறம் "கொள்ளாம்"னு ஒரே வார்த்தை, நல்லா இருக்குன்னு அர்த்தம். ஊறுகாய் புளிப்பு பழகின நாக்குக்கு இது சட்டுனு பிடிச்சுக்கும், அந்தத் தித்திப்பு சாஸ்தான் நம்ம ஆளுங்களுக்கு ஒத்து வராது.

கூட முட்டைகோஸ் ஸ்லா. லெக்சிங்டன் பக்கம் பண்ற சிவப்பு ஸ்லாவுல மயோனைஸ் கிடையாது, பொடியா நறுக்கின முட்டைகோஸ்ல வினிகர், கெட்சப், சர்க்கரை, உப்பு, மிளகு, பிசிறி ரெண்டு மணி நேரம் வச்சா போதும். பன்னுக்குள்ள கறி, அதுக்கு மேல இந்த ஸ்லா, அதையும் பன்னுக்கு உள்ளதான் வைக்கணும், தட்டுல தனியா வச்சா பிள்ளைங்க தொடாது. பன்னை வெண்ணெய் தடவி தோசைக்கல்லுல ஒரு பக்கம் மட்டும் சுட்டா சாறு இறங்கி ஊறிப் போகாது.

அக்கா மக காலேஜ் போனதுலேர்ந்து கறி தொடறதில்ல. அவளுக்குத் தனியா ஒரு சின்ன வாணலில டின்ல வர்ற பிஞ்சு சக்கை, அதாவது பலாக்காய், உப்புத் தண்ணில போட்டது, சர்க்கரைப் பாகுல போட்டதை எடுத்துறாதீங்க. நல்லா அலசிப் பிழிஞ்சு, வெங்காயம் வதக்கி, அதே மசாலா, கொஞ்சம் வினிகர், இருபது நிமிஷம் வேக விட்டு முள்கரண்டியால பிரிச்சா பாக்கறதுக்கு அச்சு அசல் புல்டு போர்க்தான், இங்க கடைகள்ல இதைப் புல்டு ஜாக்ஃப்ரூட்னே விக்கறாங்க. அம்மா டின்னைக் கைல எடுத்து விலையைப் பாத்துட்டு, "நம்ம பெறத்தால கிடக்க மரத்துல தொங்குது, இடிச்சக்கைக்கு மூணு டாலரா மக்ளே"ன்னு அன்னைக்கு பூரா அதையே சொல்லிக்கிட்டு இருந்தாங்க. ராஜ்மாவை ஸ்லோ குக்கர்ல பண்ணலாமேன்னு யாராவது கேப்பீங்க, அதுக்கு ஒரு எச்சரிக்கை. காஞ்ச ராஜ்மாவுல இயற்கையாவே ஒரு நச்சு இருக்கு, அடுப்புல பத்து நிமிஷம் தளதளன்னு கொதிச்சாத்தான் அது போகும், ஸ்லோ குக்கர் சூடு பத்தாது. கொதிக்க வச்சு அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு அப்புறம் போடுங்க.

ஊர்ல இருந்து படிக்கறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. அமெரிக்காவுலேர்ந்து யாராவது ஸ்லோ குக்கர் கொண்டு வந்து குடுத்தா அது 120 வோல்ட், நம்ம 230ல சொருகினா அவ்வளவுதான். குக்கரே இல்லேன்னாலும் பரவால்ல, கனமான மூடி போட்ட பாத்திரத்துல கறியை வச்சு ஓவன்ல 150 டிகிரி செல்சியஸ்ல நாலஞ்சு மணி நேரம், இல்ல உள்ளங்கை அளவு துண்டா வெட்டி பிரஷர் குக்கர்ல சின்ன தீயில ஒரு மணி நேரம். பிரஷர் குக்கர்ல மட்டும் ஒரு கப் தண்ணி கட்டாயம் ஊத்தணும். கறிக்கடைல முன்னந்தொடைத் தோள்பட்டை, எலும்போட, வெட்டாம குடுங்கன்னு கேளுங்க, வெட்டாம குடுக்கச் சொன்னா ஒரு மாதிரி பாப்பாங்க, பாத்துட்டுப் போகட்டும்.

மத்தியானம் சாப்பாட்டுல ட்ரே பாதி காலி. சின்னவன் ஸ்லாவை நோண்டி எடுத்துப் போட்டுட்டுத்தான் சாப்பிட்டான், அது எப்பவும் உள்ளதுதான். அத்தான் ரெண்டு சாஸையும் கலந்து ஊத்திக்கிட்டார், இந்த ஊர்க்காரங்க யாராவது பாத்திருந்தா அடிக்க வந்திருப்பாங்க.

மறுநாள் மிச்சக் கறியை அம்மா கைல எடுத்துக்கிட்டாங்க. தேங்காயைப் பல்லு பல்லா கீறி எண்ணெயில செவக்க வறுத்து, சின்ன வெங்காயம், இஞ்சி, பச்சமிளகா, கறிவேப்பிலை ரெண்டு கொத்து, பெருஞ்சீரகமும் மிளகும் இடிச்சுப் போட்டு, அதுல இந்தக் கறியைக் கொட்டி அடி பிடிக்கப் பிடிக்க கிளறினாங்க. ஏற்கனவே வெந்த கறிங்கறதால கால் மணி நேரத்துல கருப்பா வந்துருச்சு. லத்தீன் கடைல ஃப்ரீசர்ல யூக்கான்னு விக்கறது நம்ம மரச்சீனிதான், உப்புப் போட்டு அவிச்சு தண்ணி வடிச்சு வச்சாச்சு. உண்மையைச் சொல்லணும்னா ஞாயித்துக்கிழமையை விட திங்கக்கிழமைதான் எல்லாரும் ஜாஸ்தி சாப்பிட்டோம். அக்கா சார்லட்டுக்குக் கிளம்பறதை சாயங்காலத்துக்குத் தள்ளிப் போட்டா.

இன்னும் மிஞ்சினா சின்ன சின்ன ஜிப் பைல, கொஞ்சம் சாறும் ஊத்தி, தட்டையா அமுக்கி ஃப்ரீசர்ல வைங்க, மூணு மாசம் வரைக்கும் நல்லா இருக்கும், ஃப்ரிட்ஜ்லன்னா மூணு நாலு நாள். திரும்பச் சூடு பண்றதுக்கு ஸ்லோ குக்கர் வேணாம், ரொம்ப மெதுவா சூடாகும், வாணலிலயோ மைக்ரோவேவ்லயோ 165 டிகிரி ஃபாரன்ஹீட் வரைக்கும் கொண்டு போங்க. ஸ்லாவை மட்டும் ஃப்ரீசர்ல வச்சிராதீங்க, தண்ணியா ஓடிரும், அதை அன்னைக்கே சாப்பிட்டுத் தீத்துருங்க.